மிதிவண்டிக்குக் கேரியர் பூட்டிய கதை

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு தலைமையாசிரியர் அவர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டபோது, எதைப்பற்றி எழுதுவது என நெடுநேரம் சிந்தித்தோம். பெருமையுடன் எடுத்துரைக்கத்தக்க வெளிநாட்டுப் பயணங்களோ பெரும் பட்டங்களோ எங்களிடம் இல்லை. இப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற அண்ணனும் தங்கையும் நாங்கள். ஒருவர் 1977ஆம் ஆண்டிலும் மற்றவர் 1978ஆம் ஆண்டிலும் ஆறாம் வகுப்பை முடித்து வெளியேறினோம். இருவரும் அமர்ந்து ஒன்றாக எழுதுவதால் 'நாங்கள்' என்றே எழுதுகின்றோம். ஒருவரைத் தனியே சுட்டவேண்டிய இடத்தில் மூத்தவன் என்றும் இளையவள் என்றும் குறிப்போம். என்ன எழுதலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் இருவர் நினைவிலும் ஒருசேர வந்து நின்றது ஒரு பழைய மிதிவண்டி. அதிலும் குறிப்பாக, அதன் பின்புறம் பூட்டியிருந்த கேரியர்.

கேரியரை மாணவர்கள் அறிவார்கள். பின்சக்கரத்திற்கு மேலே, இருக்கைக்குப் பின்னே, இரும்புக் கம்பிகளால் ஆன தட்டு அது. நூல்களில் சுமைதாங்கி என எழுதக் காண்கிறோம். தோட்டத்தில் எவரும் அவ்வாறு சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதனைப் பூட்டினால் வண்டியின் வேகம் குறையுமா, குறையுமாயின் எவ்வளவு குறையும் என்னும் கேள்வி 1978ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் வீட்டில் பெரியதொரு வழக்காக எழுந்தது. கேள்வி சிறியது. ஆனால் எங்களில் ஒருவரின் படிப்பு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுபவர்கள். லயத்து வாசலிலிருந்து இடைநிலைப் பள்ளியின் வாயில்வரை ஐந்து மைல். முதல் ஒன்றரை மைல் செம்மண் சடக்கு. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. அடுத்து, மாரியம்மன் கோயில் இருந்தமையால் கோயில் மேடு என வழங்கப்பட்ட கால் மைல் ஏற்றம். மேட்டின் மறுபுறம் மெல்லச் சரிந்து, தார்ச் சாலையாகப் பட்டணம் நோக்கி நீளும். பேருந்து பெரிய சாலையோடு போய்விடும், தோட்டத்திற்குள் வராது. அதற்குக் கொடுக்கும் காசும் எங்கள் வீட்டில் எண்ணி எடுக்கவேண்டிய காசாகவே இருந்தது.

மூத்தவன் 1978இல் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது, பட்டணத்துச் சீனர் கடையில் நாற்பது வெள்ளிக்கு ஒரு பழைய ராலி மிதிவண்டியை அப்பா வாங்கித் தந்தார். கறுப்பு வண்டி. முன்பு அதனை வைத்திருந்தவர் யாரோ ஓர் இளைஞராக இருக்கவேண்டும். பந்தய வண்டியைப் போலத் தோன்றவேண்டும் என்று பின் கேரியர், செயின் மூடி, பாதி மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருந்தார். மூத்தவனுக்கு அதுவே பெருமை. பட்டணத்துப் பையன்களுக்கு நடுவே 'மொட்டை வண்டி'யில் காற்றாய்ப் பறந்து சென்று இறங்குவான். முப்பத்தைந்து நிமிடத்தில் பள்ளியை அடைந்துவிடுவதாக லயம் முழுதும் சொல்லித் திரிந்தான்.

அடுத்த ஆண்டு இளையவளின் முறை வந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து செல்வோர் ஓராண்டு புகுமுக வகுப்பில் மலாய் மொழியைப் பழகிய பின்னரே அக்காலத்தில் முதற்படிவத்திற்குச் செல்லவேண்டும். அதற்கே ஐந்து மைல் போய்வரவேண்டும். இன்னொரு வண்டி வாங்க வழியில்லை. வாங்கினாலும் பன்னிரண்டு வயதுப் பெண் தன்னந்தனியே மிதிவண்டி ஓட்டிச் செல்வதை அன்று எங்கள் லயத்தார் ஏற்கமாட்டார்கள். ஒருநாள் இரவு, உணவு முடிந்த பிறகு அப்பா மெல்லச் சொன்னார்:

"பாப்பா படிச்ச வரைக்கும் போதும். அம்மாகூட வெட்டு மரத்துக்குப் போய்ப் பழகட்டும்."

இதனைக் கடுமையாகச் சொன்னார் என எண்ணிவிடவேண்டா. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அண்ணன் வண்டியில ஒரு கேரியர் பூட்டுனா என்ன? பின்னால உக்காந்துட்டுப் போயிட்டு வந்துடுவா இல்ல?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தின் வரலாறு அந்த ஒரு கேள்வியில் திரும்பிற்று என்றே இன்றும் நாங்கள் கருதுகின்றோம்.

மூத்தவன் உடனே மறுத்தான். "கேரியர் பூட்டினா வண்டி ஓடாதும்மா. பாரம் ஏறிடும். காத்து பிடிக்கும். ஏழரைக்கு மணி அடிச்சிடும், கேட்டைச் சாத்திடுவாங்க."

அவன் சொன்னதில் சிறிதளவு உண்மை இருந்தது. ஆனால் அவன் மறுத்ததற்குக் காரணம் அதுவன்று. தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் பையன்கள் கேலி செய்வார்கள் என்னும் வெட்கமே காரணம். இதனை எழுதலாமா என நாங்கள் இருவரும் கலந்து பேசினோம். எழுதுவோம் என்று மூத்தவனே சொல்லிவிட்டான்.

அப்போது எங்களோடு வாழ்ந்திருந்த தாத்தா, சுருட்டை அணைத்துவிட்டு ஒரு பழங்கதையைத் தொடங்கினார். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடையும்வரை இந்நாட்டின் நீளம் முழுதும் கடந்து சென்றது. அப்படையில் ஆயிரமாயிரம் பேர் மிதிவண்டியிலேயே சென்றார்கள். உள்ளூர் மக்களிடமிருந்து பறித்த வண்டிகளும் அவற்றில் பல. அப்படிப் பறிபோனவற்றுள் தாத்தாவின் வண்டியும் ஒன்று. "பின்னால மூட்டை, துப்பாக்கி, சட்டி எல்லாம் கட்டிக்கிட்டுத்தான் போனான். டயர் வெடிச்சா ரப்பரைப் பிடுங்கி எறிஞ்சிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டுனான். ராத்திரியில அந்தச் சத்தம் கேட்டா டாங்கி வருதுன்னு நினைப்போம். கேரியர் இருந்ததால எவன் நின்னான்?" என்றார். தாத்தா சொன்னதை நாங்கள் பின்னாளில் நூல்களிலும் படித்தோம். வெறும் ரிம்மின் இரைச்சலைக் கேட்டுப் பீரங்கி வண்டிகள் வருவதாக எதிர்ப்படையினர் மயங்கியதாக அவற்றிலும் எழுதப்பட்டுள்ளது. எனினும் அன்றிரவு மூத்தவன் அசையவில்லை. அது பட்டாளத்துக் கதை, பள்ளிக்கூடத்துக் கதையன்று என வாதிட்டான்.

மறுநாள் வழக்கு எங்கள் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் சென்றது. அம்மா பால்வாளியோடு திரும்பும் வழியில் பள்ளி வேலியருகே நின்று அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. "சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஓட்டிப் பார்த்துவிடலாமே" என்றார்.

கேரியர் வாங்கவேண்டியிருக்கவில்லை. அப்பாவின் பழைய வண்டியிலிருந்து என்றோ கழற்றிய ஒன்று கோழிக்கூட்டின்மேல் துருவேறிக் கிடந்தது. அதனைச் சுரண்டி, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து எடுத்தோம். பால் நிறுக்கும் ஸ்டோரில் கிராணியார் அதனைத் தராசில் வைத்துப் பார்த்தார்: நான்கு இறாத்தல். ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. எங்கள் ஆர்வத்தைக் கண்டு வண்டியையும் நிறுத்தார். நாற்பத்து நான்கு இறாத்தல். மூத்தவன் எண்பது இறாத்தல். இளையவள் அறுபத்து நான்கு. அன்று நிறுக்கப்பட்ட பாலின் கணக்குக்குக் கீழே இவற்றையும் எழுதிவைத்தார். துரை பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

முதல் ஓட்டம் பெரிய சாலையில் நடந்தது. அப்போது மைல்கற்கள் இன்னும் பிடுங்கப்படாமல் நின்றிருந்தன. ஆசிரியர் ஒரு மைல்கல்லருகே கைக்கடிகாரத்தோடு நின்றார். அங்கிருந்து அரை மைல் தொலைவிலுள்ள சிறு பாலம்வரை சென்று, அதனைத் தொட்டுத் திரும்பிவரவேண்டும். போகும்போது காற்று எதிர்த்தால் வரும்போது அதுவே தள்ளும். ஆகையால் காற்றாலும் சாலைச் சரிவாலும் வரும் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும் என்று ஆசிரியர் விளக்கினார். மூத்தவன் பாலத்தைத் தொட்டானா என்று பார்ப்பதற்குப் பாலத்தின்மேல் இளையவள் உட்கார வைக்கப்பட்டாள். தன் வழக்குக்குத் தானே சாட்சி.

கேரியர் இல்லாமல் ஆறு நிமிடம் பத்து வினாடி. கேரியரோடு ஆறு நிமிடம் ஐம்பது வினாடி. ஒரு மைலுக்கு நாற்பது வினாடி வேறுபாடு! மூத்தவன் மூச்சிரைக்க வந்து இறங்கி, "பாத்தீங்களா சார்!" என்றான். பாலத்திலிருந்து நடந்துவந்த இளையவளின் முகம் வாடிப்போயிற்று.

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து பின்சக்கரத்தின் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே அமிழ்ந்தது. மூத்தவனை ஏறிட்டுப் பார்த்தார். "வண்டிக்குப் பசி போலிருக்கிறது. காற்றடித்துக்கொண்டு வா. நாளைக்கு மறுபடியும் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி நடந்தார். கேரியரைப் பூட்டும் சாக்கில் மரத்தடிக்குச் சென்றபோது மூத்தவன் வால்வைத் திருகிக் காற்றில் பாதியை இறக்கியிருந்தான். அதனை ஆசிரியர் அறிந்துகொண்டார் என்பதை அவனும் அறிந்துகொண்டான். இந்த நாற்பத்துச் சில்லறை ஆண்டுகளில் அதைப்பற்றி அவர் யாரிடமும் சொன்னதாக நாங்கள் கேள்விப்படவில்லை. அடித்திருந்தால் மூத்தவன் மறந்திருப்பான்.

அதன்பிறகு மூன்று மாலைகள் முறைப்படி ஓடினோம். ஒவ்வொரு முறையும் ஓட்டத்திற்கு முன்னர் டயரை ஆசிரியரே அழுத்திப் பார்த்தார். முதல்நாள் கேரியரோடு முதலிலும் கேரியர் இன்றிப் பிறகும் ஓட வைத்தார். இரண்டாம் நாள் அதனை மாற்றினார். களைப்பு ஒரு பக்கமே சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அச்சாணி நட்டு இரண்டையும் இருக்கைக்குக் கீழுள்ள ஒரு போல்ட்டையும் ஸ்பேனரால் திருகிக் கழற்றி மாட்டுவதற்குள் எங்கள் கைகள் கறுத்துவிடும்.

கேரியர் இன்றி ஓடிய மூன்று ஓட்டங்கள் ஆறு நிமிடம் பத்து வினாடி, ஆறு நிமிடம் இரண்டு வினாடி, ஆறு நிமிடம் இருபது வினாடி. கேரியரோடு ஓடியவை ஆறு நிமிடம் பன்னிரண்டு, ஆறு நிமிடம் எட்டு, ஆறு நிமிடம் பத்தொன்பது. கூட்டிப் பாருங்கள். மூன்று மைலுக்கும் சேர்த்து ஏழே வினாடி வேறுபாடு. ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் இடையே அவன் கால்கள் காட்டிய வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்தக் கணக்குத் தாள் நெடுங்காலம் எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது.

ஏன் இவ்வளவு குறைவு என்பதையும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அன்று அரைகுறையாகப் புரிந்ததனை இன்று தெளிவாகச் சொல்ல முயல்கிறோம். சமதரையில் மிதிவண்டியைத் தடுப்பவை முதன்மையாக இரண்டு. ஒன்று, தரையில் டயர் நசுங்கி உருள்வதால் ஏற்படும் தடை. இஃது எடைக்கு ஏற்பக் கூடும். மற்றொன்று காற்று. இது வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். கேரியரோ ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே, அவர் உடம்பு காற்றைக் கிழித்துச் சென்ற தடத்திலே ஒளிந்துகொண்டிருக்கிறது. அதன் மெல்லிய கம்பிகள் புதிதாகப் பிடிக்கும் காற்று மிகச் சொற்பம். எடையைப் பார்ப்போமானால், ஆளும் வண்டியும் சேர்ந்து நூற்று இருபத்து நான்கு இறாத்தல். அதில் கேரியர் நான்கு. முப்பத்தொன்றில் ஒரு பங்கு. தடையின் ஒரு பகுதிதான் எடையைச் சார்ந்தது என்பதால் சமதரையில் அதுவும் தேய்ந்துபோகிறது.

மேடு என்றால் கதை வேறு. ஏற்றத்தில் காற்று பெரிதன்று. எடையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதே வேலை. அங்கே முப்பத்தொன்றில் ஒரு பங்கு எடை கூடினால், ஏறும் நேரமும் ஏறத்தாழ அதே அளவு கூடும். கோயில் மேட்டை இரண்டரை நிமிடத்தில் ஏறுகிறவனுக்கு ஐந்து வினாடி. ஐந்து மைலுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஓரிரு முறை இருமித் தும்முகிற நேரத்துக்குமேல் இல்லை. காற்று இறங்கிய டயரோ ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி உழைப்பை விழுங்கிவிடும். கேரியருக்கு அஞ்சுகிறவர்கள் முதலில் டயருக்கு அஞ்சவேண்டும். செயினுக்கு எண்ணெய் விடவேண்டும். இதனைக் கரும்பலகையில் சொல்லும்போது ஆசிரியர் மூத்தவன் பக்கம் திரும்பவே இல்லை.

பந்தயங்களில் ஓடும் வண்டிகளுக்குக் கேரியர் இல்லையே என்று இந்நாளைய மாணவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். நம் நாட்டின் அசிசுல்ஹாஸ்னி அவாங் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றபோது அவர் வண்டியில் கேரியர் இல்லை. ஏன், பிரேக்கும் இல்லை, தடகள வண்டிக்கு அது கிடையாது. சர்வதேசப் பந்தய விதிப்படி ஒரு வண்டி ஆறு கிலோ எண்ணூறு கிராமுக்குக் குறையக்கூடாது. அத்தகைய வண்டியில், ஒரு சக்கரத்தின் அகல வேறுபாட்டில் பதக்கம் மாறும் இடத்தில், ஒன்றே முக்கால் கிலோ மிகப் பெரிது. எங்கள் வண்டி இருபது கிலோ. நாங்கள் ஓடியது பள்ளி மணியோடு.

ஆனால் உண்மையான சுமை கேரியர் அன்று. அதன்மேல் உட்காரப் போகிறவள். அதனையும் ஆசிரியர் மறைக்கவில்லை. இளையவளை ஏற்றிக்கொண்டு அதே ஒரு மைலை ஓட்டினோம். ஏழு நிமிடம். சமதரையில் ஐம்பது வினாடிதான் கூடியது என்பது எல்லாருக்கும் வியப்பாக இருந்தது. அவளும் அண்ணனின் முதுகுக்குப் பின்னே அமர்ந்திருந்தமையால் காற்றின் தடை அதிகம் கூடவில்லை என்பதே அதற்குக் காரணம். பிறகு கோயில் மேட்டுக்குச் சென்றோம். எடை ஒன்றரை மடங்கு. பாதி மேட்டில் மூத்தவன் பெடலின்மேல் எழுந்து நின்றான். முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது; வண்டி பாம்பாய் நெளிந்தது; இருவரும் புல்லில் சாய்ந்தோம். பின் அச்சாணிக்கு மேலும் அதற்குப் பின்னும் பாரம் அமர்ந்தால் முன்பக்கம் இலேசாகிவிடும், கைப்பிடி சொன்னபடி கேளாது என்பதனை அன்று முழங்கைச் சிராய்ப்போடு கற்றோம்.

"மேட்டுல நான் இறங்கி நடக்கிறேன்" என்றாள் இளையவள். வழக்கு முழுதிலும் அவள் பேசிய முதற்பேச்சு அதுதான்.

ஆசிரியர் கணக்கைப் போட்டார். செம்மண் சடக்கில் இரண்டரை நிமிடம் கூடும். மேட்டில் இருவரும் வண்டியைத் தள்ளி நடந்தால் இரண்டரை நிமிடம் கூடும். தார்ச் சாலையில் மூன்று நிமிடத்துக்குக் குறைவு. ஆக, எட்டு நிமிடம். அன்று மாலை அப்பாவை லயத்து வாசலில் சந்தித்து, "எட்டு நிமிடம் முன்னதாகப் புறப்படவேண்டும், அவ்வளவுதான்" என்று ஆசிரியர் சொன்னார். அப்பா அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கணக்கு நன்றாகவே தெரியும். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அம்மா அரை மணி முன்னாடி எழுந்து அடுப்பு மூட்டிடுவா" என்றார்.

1979ஆம் ஆண்டு சனவரியில் இருவரும் ஒரே வண்டியில் புறப்பட்டோம். முதல் வாரம் பள்ளிக்குக் கால் மைல் முன்பே மூத்தவன் வண்டியை நிறுத்தி, இளையவளை இறக்கி, நடந்துவரச் சொன்னான். அவள் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். இரண்டாம் வாரம் ஒருநாள் பெருமழை. இறக்கிவிட மனம் வராமல் வாயில்வரை சென்றான். பையன்கள் எவரும் சிரிக்கவில்லை. தொப்பலாக நனைந்து நின்ற அவர்களில் பாதிப்பேர் வண்டியிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தார்கள்.

மூன்றாம் வாரத்தில்தான் துன்பம் நேர்ந்தது. திரும்பி வருகையில் கோயில் மேட்டின் செங்குத்தான இறக்கம். பாரம் கூடிய வண்டி இறக்கத்தில் தானாகவே விரையும். நிறுத்தவும் அதிகத் தொலைவு எடுக்கும். எங்கள் வண்டியின் கம்பி பிரேக்கோ வெறும் வண்டிக்கே அரைமனத்தோடு பிடிக்கும். ஒரு குழியைத் தவிர்க்க மூத்தவன் வளைத்தபோது, கால் வைக்க இடமின்றித் தொங்கிக்கொண்டிருந்த இளையவளின் வலது குதிகால் சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்துவிட்டது. மூத்தவன் தன் பள்ளிச் சட்டையைக் கழற்றிக் காலைச் சுற்றிக் கட்டி, கேரியரில் உட்கார வைத்து, ஒன்றரை மைல் தள்ளிக்கொண்டே வந்தான். தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் ஐந்து தையல் போட்டார். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. வேகத்தைப்பற்றி அத்தனை நாள் வாதாடிய எங்களில் ஒருவருக்குக்கூட, ஏன், ஆசிரியருக்கும்கூட, கால் எங்கே வைப்பது என்னும் எண்ணம் தோன்றவில்லை.

இனிப் பள்ளி இல்லை என்றே நாங்கள் நினைத்தோம். லயத்தில் சிலர் அப்படித்தான் சொல்லவும் செய்தார்கள். அப்பா இரண்டு நாள் வாய்திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். பின் அச்சாணியின் இருபுறமும் இரும்புக் குழாய்த் துண்டுகளைக் கால்மிதியாகப் பூட்டினார். எண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி, விளிம்பை மடக்கி, சக்கரத்தின் இருபக்கமும் மறைப்பாகக் கட்டினார். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றினார். கேரியரின்மேல் சாக்கைப் பலமடியாக மடித்துத் தைத்தார். இவையெல்லாம் சேர்ந்து எத்தனை இறாத்தல் கூடின என்று இம்முறை யாரும் தராசுக்கு எடுத்துச் செல்லவில்லை. தையல் பிரித்த மறுநாள் இளையவள் அதில் ஏறி அமர்ந்தாள்.

எட்டு நிமிடம் என்பது சில நாள் பத்தாயிற்று. மழை நாளில் பதினைந்தாயிற்று. ஓராண்டில் மூன்று முறை வாயில் சாத்தப்பட்டுப் பெயர் எழுதப்பட்டோம். அதற்கு ஒருமுறையும் கேரியர் காரணமன்று. இருமுறை பஞ்சர், ஒருமுறை செயின் அறுந்தது. 1982 சனவரி முதல்நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டது. எங்கள் பள்ளி மணி ஏழரைக்கே தொடர்ந்து அடித்தமையால், விடியலில் புறப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள் இருட்டில் புறப்படலானோம். விளக்குக்காக டைனமோ ஒன்றைப் பூட்டினோம். டயரில் உரசிச் சுழலும் அந்தச் சிறு குப்பி, மூன்று வாட் வெளிச்சத்துக்காகக் கேரியரைப்போலப் பன்மடங்கு உழைப்பை வாங்கியது. வேகத்தைத் தின்பது எது என்று எவராவது எங்களைக் கேட்டால் நாங்கள் டைனமோவைத்தான் காட்டுவோம்.

இதற்கிடையே, தார்ச் சாலையில் ஆளரவம் இல்லாத இடத்தில் இடம் மாறிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. இளையவள் பெடலை மிதிப்பாள்; மூத்தவன் கேரியரில் அமர்ந்து பாடப் புத்தகத்தை விரித்துக்கொள்வான். பால் லாரி ஓட்டுநர் ஒருவர் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா கோபித்துக்கொண்டார் என்றே வெளியில் பேர். அன்றிரவு இளையவளிடம் தனியாக, "கீழ விழாம ஓட்டுறியா?" என்று மட்டும் கேட்டாராம்.

1983ஆம் ஆண்டோடு மூத்தவனின் ஐந்தாம் படிவம் முடிந்தது. 1984 முழுதும் இளையவள் அவ்வண்டியில் தனியே போய்வந்தாள். லயத்தார் ஒருமாதம் பேசினார்கள். பிறகு, பட்டணத்திலிருந்து மருந்து, நூல், தபால் தலை வாங்கிவரச் சொல்லி அவளிடமே காசு கொடுத்தனுப்பினார்கள். கேரியரில் ஆள் இல்லாத குறையை அந்தப் பொருள்கள் தீர்த்தன. வெறுங்கேரியர் குழியில் விழும்போதெல்லாம் கடகடவென்று சத்தமிடுகிறது, கழற்றிவிடலாமா என்று அவள் ஒருமுறை கேட்டாள். மூத்தவன் ஸ்பேனரை எடுத்துவந்து மூன்று நட்டுகளையும் இறுக்கிக் கொடுத்தான்.

1985ஆம் ஆண்டு தேர்வு முடிவுகள் வெளிவந்த அன்று, அம்மா தாமும் பள்ளிக்கு வருவதாகச் சொன்னார். பால் கொட்டிவிட்டு வந்து, குளித்து, திருவிழாவுக்குக் கட்டும் சேலையை உடுத்திக்கொண்டார். அதுநாள்வரை அம்மா மிதிவண்டியில் ஏறியதே இல்லை. அப்பாவின் வண்டியை மூத்தவன் எடுத்துக்கொண்டான். அம்மா மகளின் வண்டியில்தான் வருவேன் என்றார். சாக்கு மெத்தையின்மேல் ஒருபக்கமாக அமர்ந்து, ஒரு கையால் இருக்கையின் கம்பியையும் மறுகையால் சேலை முந்தானையையும் பற்றிக்கொண்டார். செம்மண் சடக்கு முழுதும் கண்களை மூடியே இருந்தார் என்று பக்கத்தில் ஓட்டிவந்த மூத்தவன் சொல்கிறான். கோயில் மேட்டின் அடிவாரத்தில் யாரும் சொல்லாமலே தாமாக இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேரியரைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்.